காந்தள் யாருக்குச் சொந்தம்?

நம் ஊர் மையவாடிக்கு முன்பெல்லாம் சுவர் கிடையாது, வேலிதான் இருந்தது. கிளுவையும் கள்ளியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த அந்த உயிர்வேலியின் அடியில், ஆடி கழிந்து முதல் நல்ல மழை மண்ணில் இறங்கியதும், பசிய தண்டுகள் தரையைத் துளைத்துக்கொண்டு எழும். இலையின் நுனியே பற்றுக்கொடியாய்ச் சுருண்டு, கிளுவையின் முள்ளைப் பிடித்துக்கொண்டு மேலேறும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலி நெடுகிலும் பூத்து நிற்கும். விரியும்பொழுது பச்சையாகவும், பின் மஞ்சளாகவும், முதிர முதிரச் செம்மையாகவும் மாறுகின்ற அந்தப் பூவுக்குச் செங்காந்தள் என்று பெயர் என்பதைப் பள்ளியில் தமிழாசிரியர் சொல்லித்தான் அறிந்தோம். ஊரில் அதனைக் கார்த்திகைப்பூ என்பார்கள். கிழங்கைச் சொல்லும்பொழுது கண்வலிக்கிழங்கு என்பார்கள். சொல்லும்பொழுதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், நஞ்சு அல்லவா?

நமக்குப் பதினாறு வயதாயிருந்தபொழுது, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், யாரும் பாராத வேளையில் வேலியோரம் சென்று, களைக்கொட்டினால் தோண்டி, ஒரு கிழங்கை வேட்டி மடிப்பில் மறைத்து எடுத்து வந்தோம். கலப்பையைப்போல் இரு கிளையாய் வளைந்த கிழங்கு அது. கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அந்த வடிவால் வந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண்தான் இருக்கும். அது ஒடிந்துபோனால் அந்தக் கிளை பின் முளைக்காது. இவையெல்லாம் அன்று நமக்குத் தெரியாது. அவசரத்தில் இரண்டு நுனிகளையும் ஒடித்திருந்தோம். கொல்லையில் கிணற்றடியில் நட்டு, நாள் தவறாமல் நீர் ஊற்றினோம். அந்த நீரிலேயே அது அழுகிப் போயிற்று.

உம்மாவிடம் சொல்லவில்லை. வாப்பாவிடம் சொல்லத் துணிவு இல்லை. ஆனால் மோதினார் வேலியோரத்துக் குழியைப் பார்த்துவிட்டார். மையவாடியில் எந்தக் குழி தாம் வெட்டியது, எது பிறர் வெட்டியது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? பள்ளிவாசல் ஹவுளில் ஒளூச் செய்துகொண்டிருந்த நம்மருகில் வந்தமர்ந்து, மெல்லிய குரலில், “தம்பி, வேலியிலேயும் இல்லை, உங்க வீட்டிலேயும் இல்லை. அப்ப அது எங்கே போச்சு?” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் வீட்டிலும் சொல்லவில்லை.

ஐம்பதாண்டுகள் கடந்துவிட்டன. அவரும் அந்த மையவாடியிலேயே உறங்குகிறார். அவர் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அதைத்தான் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

ஒன்றை விரும்புகிறோம் என்று சொல்லும்பொழுது நாம் எதனைச் சொல்கிறோம்? அது நம்மிடம் இருக்கவேண்டும் என்பதையா, அது இருக்கவேண்டும் என்பதையா? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். பதினாறு வயதில் நமக்கும் அப்படித்தான் தோன்றிற்று. பூவின்மேல் நமக்கு இருந்தது பொய்யான விருப்பமன்று. வேலியோரம் நின்று அதனை நெடுநேரம் பார்த்தவர் ஊரில் நம்மைத் தவிர வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. அத்துணை விரும்பிய நாம்தான் அதனை அழித்தோம். விரும்பாதவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

இங்கே காந்தளின் இயல்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஓராண்டுப் பூண்டுகள் விதைத்த ஆண்டிலேயே பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். பல்லாண்டுப் பூண்டோ, பெரும்பகுதி வாழ்வை மண்ணுக்கடியில் வாழ்கிறது. காந்தளின் தண்டும் இலையும் தை, மாசியில் காய்ந்து உதிர்ந்துவிடும். கோடை முழுதும் அவ்விடத்தில் ஒரு செடி இருந்ததென்று சொல்ல எந்த அடையாளமும் இராது. மீண்டும் மழை வந்தால் அதே இடத்தில் எழும். அதே கிழங்கா எழுகிறது? இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகிறது. அது சுருங்குமுன் புதுக்கிழங்கு அருகிலேயே திரண்டுவிடுகிறது. நாம் பதினாறு வயதில் பறித்தது ஓர் ஆண்டின் பூவையன்று. எத்தனை ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்ததென்று எவரும் அறியாத ஒரு தொடர்ச்சியை. பூவைக் கிள்ளியிருந்தால் அடுத்த ஆண்டு பூத்திருக்கும்.

கிழங்கை எடுப்பதே குற்றம் என்று சொல்லிவிடலாமா? குறுந்தொகையின் 361ஆம் பாட்டில் கபிலர் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அவள் மனத்துக்குகந்தவனுடைய மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வந்து அவளூரில் சேர்க்கிறது. அவள் அதனைத் தழுவிக்கொள்கிறாள். இல்லத்துக்குக் கொண்டுசென்று நட்டு வைக்கிறாள். தாய் அதனைக் கண்டும் கடிந்துரைக்கவில்லை. அதற்காகத் தன் தாயைப் பற்றித் தோழியிடம் நெகிழ்ந்து பேசுகிறாள் அந்தப் பெண். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியபொழுதும் காந்தளையே முதலில் வைத்தவர் கபிலர். அப்பூவின்மேல் அவருக்குத் தனிப்பற்று இருந்திருக்க வேண்டும். நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. அந்தப் பெண் மலைக்குச் சென்று அதனைத் தோண்டவில்லை. வெள்ளம் பெயர்த்தெறிந்ததை எடுத்தாள். நடாமல் விட்டிருந்தால் அது காய்ந்திருக்கும். அவள் கையிலும் நம் கையிலும் இருந்தது ஒரே கிழங்குதான். அவளுடையது மீட்பு, நம்முடையது கவர்வு. நட்டு வளர்க்கும் செயல் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தும், முன்னர் நிகழ்ந்தது அதன் தன்மையை மாற்றிவிடுகிறது.

வெள்ளம் நம் ஊருக்கும் வந்தது. அது சுவர் வடிவில் வந்தது.

நான்காண்டுகள் ஆகப் போகின்றன. மையவாடிக்கு மதிற்சுவர் எழுப்புவதென்று ஜமாஅத்துக் கூட்டத்தில் முடிவாயிற்று. காரணங்கள் நியாயமானவை. ஆடுகளும் நாய்களும் உள்ளே நுழைகின்றன. மேற்குப் பக்கத்தில் வேலி ஆண்டுதோறும் ஒரு முழம் உள்வாங்குகிறது. பெற்றோரை அங்கே அடக்கியிருக்கும் எவரும் அந்த முடிவை மறுக்க முடியாது. நாமும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். காந்தளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்று சொன்னால் பொய்யாகும். சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தோம். சுவருக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. சுவர் எழுமுன் பத்து நாள் கேட்டிருக்கலாம். கோடையில் உறங்கும் கிழங்கைப் பக்குவமாய்ப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது அரிய கலையுமன்று. கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு மாலை, பழைய மோதினாரின் மகன் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். தந்தைக்குப் பின் அவரே மோதினார். அவருக்கும் இப்பொழுது தாடி நரைத்துவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பை. “காக்கா, காலையிலே ஜேசிபி வருது. வேலியை வாரிப் போட்டுடுவாங்க. வாப்பா சொல்வாங்க, உங்களுக்கு இதுமேலே ஆசைன்னு. வச்சுக்கிங்க” என்று பையை நீட்டினார். உள்ளே முற்றி வெடித்த காந்தள் காய்கள். மூன்று பிளவாய்த் திறந்த ஒவ்வொரு காயிலும் பவழம் போன்ற செந்நிற விதைகள் வரிசையாய் ஒட்டியிருந்தன. தந்தை குற்றத்தைச் சொல்லவில்லை; ஆசையை மட்டும் சொல்லிச் சென்றிருக்கிறார்! ஐம்பதாண்டுகளாக அவர் குடும்பத்தில் நாம் காந்தளைத் திருடியவராக அல்ல, காந்தளை நேசித்தவராகவே பேசப்பட்டு வந்தோம் என்பதை அன்றுதான் அறிந்தோம். அது நமக்கு ஆறுதலாக இல்லை.

காட்டுச் செடிகளின் விதைகளைத் திரட்டுவோர் தமக்கென்று ஒரு நெறி வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தார் நடத்தும் மிலேனியம் விதை வங்கி போன்றவை, ஓரிடத்தில் அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்கின்றன. மீதி நான்கு பங்கு அவ்விடத்துக்கே உரியது. நல்ல நெறி. ஆனால் மோதினார் மகன் ஒரு காய் விடாமல் பறித்து வந்திருந்தார். மறுநாள் மண் புரளப்போகும் இடத்தில் நான்கு பங்கை விட்டுவைப்பது நெறியைக் காத்ததாகுமா, நெறியின் பின்னே ஒளிந்துகொண்டதாகுமா? எழுதப் படிக்கத் தடுமாறும் அவர் அந்த இடத்தில் செய்ததே சரி என்று நமக்குப் படுகிறது. அளவு எப்பொழுதும் இடத்தைப் பார்த்தே அமைகிறது.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கடப்பாரையோடு ஓடினோம். எந்திரம் நமக்கு முன்பே வந்து வேலை தொடங்கியிருந்தது. புரட்டிய மண்ணில் தேடி, நசுங்கிய துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கினோம். அவற்றில் முளைக்கண் உள்ள நுனி ஒன்றுகூட இல்லை. ஆக, மிஞ்சியது விதை மட்டுமே.

விதையிலிருந்து காந்தளை வளர்ப்பது எப்படி என்பதை அறிந்த பின்புதான், ஊரில் எல்லாரும் ஏன் கிழங்கையே நாடுகிறார்கள் என்பது விளங்கிற்று. புதிதாய்ப் பறித்த விதை உடனே முளைக்காது. பல மாதங்கள் உறங்கும். மேலேயுள்ள செந்நிறத் தசையைக் கழுவி நீக்கினோம். நிழலில் உலர்த்தி, காகிதப் பையிலிட்டு ஆடி வரை காத்தோம். மணல் மிகுந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, ஊறவைத்த விதைகளை விரற்கணுவில் பாதி ஆழத்தில் ஊன்றினோம். அறுபது விதைகள். ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. ஆறாம் வாரத்தில் ஒன்று தலைகாட்டிற்று. மார்கழி வரை ஒவ்வொன்றாய், தத்தம் விருப்பப்படி, பதினொன்று முளைத்தன. மற்றவை முளைக்கவில்லை. ஒரே காயில் ஒரே நாளில் முதிர்ந்த விதைகள் ஏன் ஒரே நாளில் எழவில்லை என்று சலித்துக்கொண்டோம். ஒரே மழையை நம்பி எல்லாம் எழுந்து, அந்த மழை பொய்த்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அந்த வேறுபாட்டினால்தான் இவ்வினம் நம் வறண்ட மண்ணில் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது போலும்.

முதலாண்டில் காந்தள் காந்தளைப்போல் இருப்பதில்லை. ஓரிரு குறுகிய இலை, அவ்வளவுதான். களை என்று பிடுங்கிவிடத் தோன்றும். தையில் அந்த இலையும் மஞ்சளித்து மறைந்தது. தொட்டிகளில் வெறும் மண் மட்டும் இருந்தது. பங்குனியில் நாம் சென்னை சென்று திரும்பியபொழுது நான்கு தொட்டிகளில் புதினா தழைத்திருந்தது. மருமகள் மண்ணைக் கொட்டிவிட்டு நட்டிருந்தாள். “சும்மாத்தானே மாமா கிடந்துச்சு?” என்றாள். அவள்மேல் என்ன பிழை? இருந்ததைக் கொட்டினாள் என்று நாம் எப்படிச் சொல்வது? பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கொல்லை மூலையில் கொட்டிய மண்ணைக் கிளறிப் பார்த்தோம். சுண்டுவிரல் நகமளவு சிறு கிழங்கு ஒன்று, வெயிலில் வதங்கிச் சுருங்கிய நிலையில் கிடைத்தது. ஓராண்டின் மழையும் வெயிலும் நம் பொறுமையும் சேர்ந்து அந்த அளவுதான் திரட்டியிருந்தன.

இறுதி நாள் வந்து நிற்கும் வேளையிலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். பயனை நாம் காண்போமா என்பதைக் கேட்காமல் நடுக என்பதே அதன் கருத்தென்று கொள்கிறோம். அந்த அறிவுரையைப் பின்பற்றுவது கன்றைக் கையில் வைத்திருப்பவருக்கே ஓரளவு எளிது. கன்று பச்சையாய்க் கண்முன் இருக்கிறது. ஆறு மாதம் வெறும் மண்ணாய்க் கிடக்கும் தொட்டிக்கு இடம் கொடுப்பதுதான் நமக்குக் கடினமாயிருந்தது. விதையிலிருந்து முதல் பூ வர மூன்று நான்கு ஆண்டுகளாகும். அவற்றில் ஏறக்குறையப் பாதிக்காலம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

இந்தக் காத்திருப்பைப் பெருமையாகப் பேசுமுன் நாணமுறச் செய்யும் உண்மை ஒன்று உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் வேதாரண்யம் பக்கத்திலும் காந்தளைப் பணப்பயிராகவே வளர்க்கிறார்கள். முள்கிளுவையிலும் கம்பியிலும் கொடியேற்றி, விதைக்காகவே அறுவடை செய்கிறார்கள். அவ்விதையிலிருந்து கால்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. காந்தளின் உறவுச் செடியான சூரிஞ்சானை மூட்டுநோய்க்கு மருந்தாக இப்னு ஸீனா முதலிய மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதிலிருந்து அந்த மருந்துப்பொருளை 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தார்கள். கீல்வாதத்துக்கு இன்றும் அது மருந்து. 2023 முதல் அமெரிக்காவில் இதயநோயாளிகளுக்கும் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நம் வறண்ட நிலத்து உழவர் விற்கும் விதை கடல் கடந்து சென்று எவருடைய மூட்டுவலியையோ தணிக்கிறது.

அந்த உழவர் விதையை விற்கிறார். ஆனால் விதையை விதைப்பதில்லை. கிழங்கையே நடுகிறார். நான்காண்டு வருவாயின்றி நிலத்தை எவர் வைத்திருக்க முடியும்? கிழங்கோ விலை மிக்கது. ஆகவே பயிர் பரவிய காலத்தில் நடுகைக்கான கிழங்குகள் காட்டிலிருந்தும் வேலிகளிலிருந்தும் பெருமளவில் தோண்டப்பட்டன. அதனால் காட்டுக் காந்தள் பல இடங்களில் அருகிப்போயிற்று. பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. வயல்களில் பெண்கள் காலை வேளையில் பூப்பூவாய்ச் சென்று, மகரந்தத்தைக் கையால் எடுத்துத் தடவுகிறார்கள். பட்டாம்பூச்சி செய்துவந்த வேலையை அவர்கள் கூலிக்குச் செய்கிறார்கள். இவர்களிடம் சென்று, “கிழங்கைத் தோண்டாதீர், விதையிட்டுப் பொறுத்திருப்பீர்” என்று ஓய்வூதியம் வாங்கும் நாம் உபதேசம் செய்வது தகுமா? பொறுமை நற்பண்புதான். ஆனால் மாதம் முதல் தேதியில் பணம் வருகின்றவனுடைய பொறுமையும், வட்டி ஏறிக்கொண்டிருப்பவனிடம் கேட்கப்படும் பொறுமையும் ஒரே பெயரைப் பெறத்தக்கவை அல்ல. நான்காண்டு காத்திருக்க இயலாதவர் உழவர். நமக்கு இயலும், ஆதலால் இப்பணி நம்மைப் போன்றவர்களுக்கே கடமையாகிறது. காட்டிலிருந்து பெயர்க்காத கிழங்கை, விதையிலிருந்து வளர்த்துத் தரும் வேலையை ஓய்வு பெற்றவர்கள் ஏற்றால், உழவரின் கையும் காட்டுக்குப் போகாதிருக்கலாம். இது நம் எண்ணம் மட்டுமே; நடக்குமா என்பதை அறியோம்.

இனி, இல்லத்தில் எழுந்த எதிர்ப்பு. நம் இல்லாள் மூன்று நாள் பேசவில்லை. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் நஞ்சுக்கிழங்கை வளர்ப்பதா? அவள் கேட்டதில் தவறில்லை. காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கில் அது மிகுதி. வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. முதலில் வாந்தியும் பேதியும். பின்னர் உடலின் உள்ளுறுப்புகளையெல்லாம் தாக்கும். கையில் எடுத்து உடனே கொடுத்துவிட மாற்று மருந்தும் இல்லை. “அரளியை நெடுஞ்சாலை நடுவில் மைல் கணக்கில் நட்டிருக்கிறார்களே, அதுவும் நஞ்சுதானே?” என்று நாம் வாதிட்டோம். “நெடுஞ்சாலையிலே நம்ம பிள்ளை விளையாடலியே” என்றாள். விடையில்லை.

அவள் சொன்னதை எண்ணிப் பார்க்கையில் ஒன்று தெளிவாயிற்று. மையவாடி வேலியில் காந்தள் நின்ற காலத்தில் அதனால் ஊரில் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகக் கேட்டதில்லை. அங்கே அதற்கும் நமக்கும் இடையில் ஒரு தொலைவு இருந்தது. கள்ளியும் முள்ளும் மட்டுமல்லாது, அவ்விடத்தின்மேல் ஊராருக்கு இருந்த அச்சமும் மரியாதையும் சேர்ந்த தொலைவு. நஞ்சு அச்செடியின் குற்றமன்று. தோண்டுவார் கையிலிருந்தும் தின்பார் வாயிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அதனை நம் கூரைக்குக் கீழே கொண்டுவந்த அன்றே அந்தத் தொலைவை நாம் அழித்தோம். ஆகவே காவலும் நம் பொறுப்பாகிவிட்டது. தொட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். மாடிக்கதவின் பூட்டுச் சாவி இல்லாளின் முந்தானையில் இருக்கிறது. நாம் நீர் ஊற்றப் போகவேண்டுமானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒருநாளும் உடன் வந்ததுமில்லை.

இடத்தைப் பற்றிச் சொன்னோம். இதே செடி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பகையாகக் கருதப்படுகிறது. அழகுக்காகத் தோட்டங்களில் வைத்தது தப்பியோடி, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் கடற்கரை மணற்குன்றுகளில் பரவி, அம்மண்ணின் செடிகளை மூடி அமுக்குகிறது. அங்கே தொண்டர்கள் கூட்டமாய்ச் சென்று கிழங்கு கிழங்காய்த் தோண்டி அகற்றுகிறார்கள். அவர்கள் செய்வது நற்செயல். பதினாறு வயதில் நாம் செய்தது தீச்செயல். இரண்டு இடங்களிலும் செயல் ஒன்றே, செடியும் ஒன்றே. 1753இல் லின்னேயஸ் இட்ட குளோரியோசா சூப்பர்பா என்ற பெயரும் ஒன்றே. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் அதுவே நாட்டுப் பூ; தமிழ்நாட்டில் மாநிலப் பூ. மண்ணின் பூ என்று சொல்வது பூவின் குணத்தைச் சொல்வதன்று. அந்த மண்ணிலுள்ள மழை, முள், பூச்சி, மனிதர் ஆகியவற்றோடு அது கொண்டுள்ள நெடுநாளைய உறவைச் சொல்வது. அந்த உறவு அறுந்த இடத்தில் அழகும் ஆக்கிரமிப்பாகிவிடும்.

நண்பர் ஒருவர் வேறொன்று கேட்டார். “ஊரில் இத்தனை ஏழைகள் இருக்க, தின்னவும் உதவாத பூவுக்கு இவ்வளவு பாடா?” என்றார். அவருடைய கேள்வியை நாம் இகழவில்லை. ஆனால் ஏழைக்குச் சேரவேண்டியது எதையும் அந்தத் தொட்டிகள் தின்னவில்லை. நாளொன்றுக்கு ஒரு செம்பு நீர், அவ்வளவே. ஏழையின் பெயரைச் சொல்லிப் பூவை மறுப்பவர், பூவை விட்டபின் ஏழைக்குக் கொடுத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

நம்மை உறுத்துவது வேறு கேள்வி. பூக்கும் நாளில் இவை யாருக்குச் சொந்தம்? கிழங்கிலிருந்து எழுவது அதே செடியின் தொடர்ச்சி. விதையிலிருந்து எழுவதோ தாயின் நகலன்று; புதிய பிறவி. மாடியிலிருக்கும் ஒவ்வொன்றும் முன்பு எங்குமே இருந்திராத காந்தள். ஆகவே வேலியை நாம் மீட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வேலியின் செடிகள் போனது போனதுதான். இவை அவற்றின் மக்கள். மக்களை வளர்க்கக் கொடுத்தவர்களிடமிருந்து வாங்கி வைத்திருக்கும் அமானத்தாகவே இவற்றை நாம் நினைக்கிறோம். அமானத்து என்றால் ஒருநாள் திருப்பித் தரவேண்டும். யாரிடம்? வேலி இல்லை. சுவரின் வெளிப்பக்கத்தில் இப்பொழுது பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதை. அங்கே நட இல்லாள் சொன்ன காரணமே தடை. உட்புறத்தில், கிழக்கு மூலையில், பழைய கிளுவை இரண்டு தப்பி நிற்கின்றன. அங்கே வைக்கலாம் என்கிறார் மோதினார் மகன். ஜமாஅத்தில் கேட்க வேண்டும். இம்முறை வாய் திறந்து கேட்கப் போகிறோம், சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தக் கிளுவையின் அடியில்தான் அவருடைய வாப்பா அடங்கியிருக்கிறார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இது நான்காம் பருவம். ஆடியின் கடைசி வாரத்தில் நல்ல மழை. புதினாவுக்குப் போனவை நீங்கலாக எஞ்சிய ஏழு தொட்டிகளில் ஐந்தில் முளை எழுந்திருக்கிறது. சென்ற ஆண்டைவிடத் தண்டு தடித்திருக்கிறது. ஒன்றில் முதன்முறையாக இலைநுனி சுருண்டு, பிடிப்பதற்கு எதையோ தேடுகிறது. பக்கத்தில் ஒரு கிளுவைக் கொம்பை ஊன்றி வைத்தோம். மற்ற இரண்டில் இன்னும் எதுவும் தெரியவில்லை. நேற்று மாடிக்குப் போனபொழுது பார்த்தோம்: அவ்விரண்டு தொட்டிகளின் மேலும் மருமகள் சுண்ணாம்புக் கட்டியால் “கொட்ட வேண்டாம்” என்று எழுதி வைத்திருக்கிறாள்.